பதினேழாம் நம்பர் டப்பா

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மூடி போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் கிடைத்தது. டப்பாவுக்குள் இருந்தது சளி. முகம் சுளிப்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கே சமையல் குறிப்பு இருக்கும்.

போன மாசியில் முதலிபாளையம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஒரு ஷெட்டின் வாசலில் நீல ஓவர்கோட் போட்ட ஒரு பெண், அந்த டப்பாவை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சாய்த்தாள். திருப்பினாள். உதட்டைப் பிதுக்கி இடது பக்கம் வைத்தாள். அடுத்ததைப் பார்த்து வலது பக்கம் வைத்தாள். பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசைக்கு முன்னால் நிற்கும் பெண்கள் இப்படித்தான் செய்வார்கள். துணியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை இன்னொரு பக்கமும் ஒதுக்குவார்கள்.

அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இது கட்டுரையாகியிருக்கும். ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. சித்ராதேவி என்று அவளுக்கு நான் வைத்த பெயரும் அதில் சேர்த்தி.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘நாற்பது பேருடைய மூச்சும் அன்று சாயங்காலம் ஒரு ஐஸ் பெட்டிக்குள் பூட்டப்பட்டது. சாவி...’

(பன்னிரண்டு வருஷமாகத் தொடர்கதை எழுதும் கை. பூட்டைக் கண்டால் சாவியைத் தொலைக்கப் பார்க்கிறது. வேண்டாம்.)

‘அந்த ஷெட்டுக்குள் வருஷம் முழுக்கப் பனி பெய்துகொண்டிருந்தது. கனவில் நடப்பதுபோல ஆட்கள் அதற்குள்...’

(அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இருமல் கேட்கவில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத்துணியும் மில்களில் கழிக்கும் பஞ்சும் மூட்டை மூட்டையாக அந்த ஷெட்டுக்கு வரும். மெஷின் அவற்றைக் கிழித்து மறுபடி பஞ்சாக்கும். கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்கும். ஒவ்வொரு கம்பியிலும் வெண்தூசி ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். ஆட்களின் புருவத்திலும் காதுமடலிலும் அது மெல்லப் படியும். மதியத்துக்கு மேல் பார்த்தால் எல்லோருமே தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்கள்போல் தெரிவார்கள்.

அங்கே வேலை பார்க்கும் நாற்பது பேரில் ஒருவன் முனீஸ். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். சித்ராதேவியின் புருஷன். இரண்டு வருஷமாக மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறான்.

3

இப்போது ஆராய்ச்சி. இதில் நான் தப்பு செய்தால் உடனே கடிதம் போடும் வாசகர்கள் உண்டு. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஜெயபாரதி சாமளாபுரத்துப் பெண். தறிச் சத்தத்தில் படித்து, கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் சேர்ந்தவள். பஞ்சுத் தூசி எல்லோர் மூக்கிலும்தான் போகிறது, ஏன் சிலருக்கு மட்டும் நுரையீரல் கெட்டுப்போகிறது? அதுதான் அவளுடைய கேள்வி. முதல் நாள் ஷெட்டில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள். குற்றம் பஞ்சின் மேல் மட்டும் இல்லை. பஞ்சில் ஒட்டியிருக்கும் கிருமிகள் செத்த பிறகும் அவற்றின் மேல்தோல் தூசியில் தங்கிவிடுகிறது. அது உள்ளே போனதும் நுரையீரலில் காவல் இருக்கும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. ஞாயிற்றுக்கிழமை லீவு, தூசி இல்லை, காவலர்கள் கண்ணயர்கிறார்கள். திங்கட்கிழமை தூசி வந்து உலுக்கும்போது அரைத்தூக்கத்தில் எழுந்தவர்கள்போலக் கண்மண் தெரியாமல் அடிக்கிறார்கள். அடி விழுவது சொந்த வீட்டுச் சுவரில்.

“அதனாலதானுங்க திங்கக்கெழமையானா நெஞ்சை அடைக்குது” என்றாள்.

“அப்படியா? நாங்க அது ஞாயித்துக்கிழம அடிச்ச சரக்குன்னுல்லா நெனச்சோம்” என்றான் சுடலை. முனீசுக்கு ஊர்க்காரன், பக்கத்து மெஷின்காரன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்க முடியாமல் இருமினார்கள்.

சிலருக்கு அந்தக் காவலர்கள் மறுபடி தூங்குவதே இல்லை. அவர்களைத் தூங்கவைக்க, மூச்சோடு சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு புது மருந்து சோதனையில் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலச் சளியில் விழித்திருக்கும் செல்கள் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு அந்த மருந்து கிடைக்கும். பத்துத் திங்கட்கிழமை, நாற்பது பேர், ஆளுக்கொரு நம்பர். முனீஸ் பதினேழு.

(திங்கட்கிழமை நெஞ்சடைப்பு நிஜம். மருந்து நான் உண்டாக்கியது. தயவுசெய்து கடையில் போய்க் கேட்காதீர்கள்.)

4

டப்பாக்களைக் கொடுத்து வாங்க, நம்பர் ஸ்டிக்கர் ஒட்ட, ஐஸ் பெட்டியில் அடுக்க உள்ளூரிலேயே ஓர் ஆள் தேவைப்பட்டது. சித்ராதேவி பதினான்கு வருஷம் செக்கிங்கில் இருந்தவள். கை சுத்தம், கண் கூர்மை. ஜெயபாரதி அவளையே வைத்துக்கொண்டாள்.

சரிபார் என்று யாரும் சொல்லவில்லை. சரிபார்க்காதே என்றும் யாரும் சொல்லவில்லை.

முதல் திங்கட்கிழமையே அவள் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சளாய்க் கெட்டியாய் இருந்ததையும், பஞ்சு இழை மிதந்ததையும், சிவப்பு ஓடியதையும் இடது பக்கம் ஒதுக்கினாள். அந்த ஆளைக் கூப்பிட்டு, வாய் கொப்பளிக்கச் சொல்லி, நன்றாகக் காறிவிட்டுத் தெளிவாக வரும்வரை காத்திருந்து புது டப்பா கொடுத்தாள். அந்த இரண்டாம் டப்பாதான் கோயம்புத்தூர் போனது. பதினேழாம் நம்பருக்கு மட்டும் சில வாரம் நான்காவது டப்பா.

(இந்த இடத்தில் சித்ராதேவி மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. இத்தனை விவரமானவள், நோயைத் தேடி வந்தவளிடம் நோயை மறைப்பாளா? மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு பையர் வரும் நாள் ஞாபகம் வந்தது. வெளிநாட்டுக்காரனுடைய ஆள் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, லேப்டாப்போடு வந்து பெட்டியைத் திறந்து பத்துப் பீஸை உருவிப் பார்ப்பான். பார்த்ததில் கெட்டது இருந்தால் மொத்தச் சரக்கும் நிற்கும். அதனால் முந்தின நாளே பெட்டி பெட்டியாகப் பிரித்து, அவன் கையில் நல்லது மட்டும் படும்படி செய்வது செக்கிங் பெண்களின் வேலை. ஜெயபாரதி கழுத்திலும் அட்டை இருந்தது. கையில் லேப்டாப் இருந்தது. சித்ராதேவி அந்த நாற்பது பேரையும் காப்பாற்றத்தான் பார்த்தாள். இப்போது நம்புகிறேன்.)

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வெறும் எச்சிலை அனுப்பினால் ஆய்வகத்தில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று டாக்டர் என் முதல் பிரதியைத் திருப்பித் தந்தார். அதனால்தான் இரண்டாம் டப்பாவிலும் சளியே இருக்கிறது, தெளிந்த சளி. ஒதுக்கியவற்றை அவள் எங்காவது பத்திரமாக வைத்திருக்கலாமே என்றேன். வெயிலில் கிடந்தது எதற்கும் உதவாது என்றார். ஆகவே வாராவாரம் பினாயில் ஊற்றிக் கொட்டிவிடுகிறாள்.

5

பதினோராவது வாரம், சனிக்கிழமை. ஜெயபாரதி ஷெட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். ரிசல்ட் வந்துவிட்டது என்றாள். இந்த ஷெட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

“அப்ப எல்லாமே பாஸா மேடம்?” சித்ராதேவிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“எல்லாம் சுத்தமுங்க்கா. அதானுங்க பிரச்சனையே. நாங்க கெட்டதைத் தேடித்தானுங்க வந்தோம்.”

சித்ராதேவி அந்த வாக்கியத்துக்குள் மெல்ல இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குள் போட்ட கல் தண்ணீரைத் தொட நேரமாவதுபோல.

ஜெயபாரதி தொடர்ந்து சொன்னாள். திங்கட்கிழமை அறிக்கை போகிறது. இங்கே பாதிப்பு இல்லை என்று அதில் இருக்கும். மருந்து வேறு ஊருக்குப் போகும். தூசி உறிஞ்சும் மெஷின் வைக்கச் சொல்லி முதலாளியிடம் பேசலாம் என்று நினைத்திருந்தாளாம். இந்த அறிக்கைக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கும் இடமில்லை.

சித்ராதேவி யாரோ மூன்றாம் மனுஷிக்காகக் கேட்பதுபோலக் கேட்டாள். ஏதாவது ஒரு நம்பரில் தப்பு நடந்திருந்தால்?

ஒன்றென்றால் கவலையில்லை, அவரிடம் மட்டும் மறுபடி எடுத்து அனுப்பலாம், அதில் கெட்டது தெரிந்தால் அவருக்கு மருந்தும் கிடைக்கும் என்றாள் ஜெயபாரதி.

“எல்லாத்துலயும்னா?”

“எல்லாத்தையும் கொட்டிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்க. அதுக்கு இனி நேரமில்லீங்க்கா. பாதிப்பு இல்லைன்னு எழுத மாட்டோம், அவ்வளவுதான். மருந்து எப்படியும் போயிரும்.”

6

ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்றைக்குத்தான் முனீஸ் கொஞ்சம் நன்றாக மூச்சுவிடுவான். சித்ராதேவி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான்.

“ஏட்டி, ஏஞ் சளியவுமா செக் பண்ணுன?”

“செவப்பு நூல் மாதிரி ஓடிருந்துச்சி. அத எப்பிடிங்க அனுப்புவேன்?” என்றாள். “பாத்தா ஒங்கள வேலைய விட்டு நிறுத்திருவாவன்னு நெனச்சேன்.”

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அப்போது வாசலில் சுடலை வந்து, கறி எடுத்தாச்சா என்று விசாரித்தான். உள்ளே என்ன குசுகுசுப்பு, புதுமாப்பிள்ளை கணக்கா, என்று கேலி பேசினான். போகும்போது தெருமுனைவரை இருமிக்கொண்டே போனான். அந்த இருமல் தேய்ந்து மறையும்வரை முனீஸ் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நான் என்ன சொன்னாலும் ஏம் மூச்சுக்காகத்தான் சொல்லுவேன்” என்றான் பிறகு. “ஏங்கிட்ட கேக்காத.”

அவன் தூங்கிப்போனான். அவளும் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள். கனவில் செக்கிங் மேசை தெருவளவு நீண்டிருந்தது. அதன்மேல் ரோஜா நிறத்தில், சல்லாபோல மெல்லிய துணிகள் ஜோடி ஜோடியாய் நாற்பது. காற்றே இல்லாமல் எல்லாம் சேர்ந்து உயர்ந்தன, சேர்ந்து தாழ்ந்தன. மேலிருந்து வெள்ளையாய் எதுவோ சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. மேசையின் கோடியில் ஒரு வாட்ச்மேன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினான். சித்ராதேவி ஒரு ஜோடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எங்கே பார்த்தாலும் வெளிச்சம் வந்தது. ஓட்டை எது, துணி எது என்று தெரியவில்லை. பக்கத்து ஜோடியைத் தூக்கினாள். அதுவும் அப்படியே. யாருடையது என்று பார்க்க ஸ்டிக்கரைத் தேடினாள். எதிலும் ஸ்டிக்கர் இல்லை.

(கனவு கொஞ்சம் நீண்டுவிட்டது. குறைக்கப் பார்த்தேன், மனசு வரவில்லை.)

7

இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: பதினேழாம் நம்பர் மட்டும் மாறிப்போனதாகச் சித்ராதேவி சொல்கிறாள். மறுபடி எடுக்கிறார்கள். மருந்து வருகிறது. ஆறு மாதம் கழித்து முனீஸ் சிவன்மலைப் படிகளை நிற்காமல் ஏறுகிறான். மேலே காற்று, கீழே தென்னந்தோப்பு. வாரப்பத்திரிகைக்கு இதைவிட நல்ல கடைசிப் பக்கம் கிடையாது. ஆனால் முடித்த பிறகு படித்துப் பார்த்தபோது, சுடலை அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. மற்ற முப்பத்தெட்டுப் பேரும் இல்லை. ‘பாதிப்பு இல்லை’ என்ற அறிக்கைக்கு அடியில் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாம் முடிவு: எல்லாவற்றையும் சொல்கிறாள். பொய் அறிக்கை நின்றுபோகிறது. முதலாளியிடம் மெஷின் கேட்க வாய் மிச்சமிருக்கிறது. மருந்து வேறு ஊருக்குப் போகிறது. முனீஸ் நடுப்படியில் உட்கார்ந்து, அவள் மேலே வரக் காத்திருந்து, பிறகு...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

ஆகவே திங்கட்கிழமை காலையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜெயபாரதி அதே நாற்காலியில் லேப்டாப்பைத் திறந்துவைத்திருக்கிறாள். உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. சுடலை மூக்கில் துண்டைக் கட்டுகிறான். முனீஸ் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறான், வேண்டுமென்றே இந்தப் பக்கம் பார்க்காமல்.

“மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சி” என்றாள் சித்ராதேவி.

ஜெயபாரதி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “பதறாதீங்க்கா, உக்காருங்க. எந்த நம்பருங்க?”

சித்ராதேவி மூச்சை உள்ளே இழுத்தாள். அதுவரைதான் என்னால் அவளோடு வர முடிந்தது. பதினேழு என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். எல்லாமே என்று சொல்லவும் ஒரே வார்த்தைதான்.

ஜெயபாரதி விரலைக் கீபோர்டுமேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நீங்கள் சொல்லாமல் சித்ராதேவியால் அந்த மூச்சை விட முடியாது.