ஏரி நடுவே ஒரு வெள்ளைத் திட்டு

மீன் வறுக்கிற வாடை எனக்கு இன்றைக்கும் ஆகாது. யார் வீட்டிலாவது வாணலி அடுப்பில் ஏறினால் எழுந்து வெளியே போய்விடுவேன். பெரிய ராணி, மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும். மேலாளர் விட்கோம் கையில் மீனோடு கரையேறி வந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

அப்போது கரடிக்கால் ஏரிக்கரையில் எங்கள் கம்பெனியின் முகாம். வடக்கே இருக்கிற காட்டையெல்லாம் வானத்திலிருந்து படம் பிடித்து, எந்த மரம் எங்கே நிற்கிறது என்று காகித ஆலைக்காரர்களுக்குக் காட்டுவது தொழில். விமானம் ஒன்றே ஒன்று. அதற்குப் படகு மாதிரி அடிவயிறு. தண்ணீரிலிருந்துதான் கிளம்பும், தண்ணீரில்தான் இறங்கும். ஓட்டுகிறவன் லாக்லன். விமானத்தின் மூக்கு நுனியில், திறந்த குழிக்குள், கேமராவோடு உட்காருகிறவன் என் தம்பி ஒவிலா. அவன் கொண்டுவரும் படங்களைக் கழுவி, ஓரத்தைக் கிழித்துத் தேய்த்து, ஒரு பெரிய பலகையில் ஒன்றோடொன்று பொருந்த ஒட்டுவது என் வேலை. நானூறு துண்டு சேர்ந்தால் ஒரு காடு.

அந்த மூக்கு இருக்கையை நினைத்தாலே எனக்குக் குமட்டும். கேமராவில் படம் பதிகிற கண்ணாடித் தகடுகளை வெறும் விரலால்தான் மாற்ற முடியும், அதனால் ஆகஸ்டிலும் என் தம்பியின் விரல் நுனிகள் வெடித்துக் கறுத்திருக்கும். வாந்தி வந்தால் காற்று அதை அவன் முகத்துக்கே திருப்பிக் கொடுக்கும், மிச்சம் பின்னால் இருக்கிற லாக்லனுக்கு. "காலைல இவன் என்ன சாப்ட்டான்னு என் கண்ணாடியப் பாத்தே சொல்லிடுவேன்" என்பான் லாக்லன். இயந்திரம் இருவருக்கும் பின்னால், தலைக்கு மேலே. விமானம் எதிலாவது முட்டினால் அது முன்னால்தான் வரும் என்று முகாமில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. படத்துக்கு நல்ல நாள் என்றால் மேகமும் காற்றும் இல்லாத நாள். காற்று இல்லாவிட்டால் ஏரி அசையாது. அசையாத ஏரியில் வானம் அப்படியே தெரியும், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து வருகிறவனுக்குத் தெரியாது. இன்னும் முப்பது அடி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தலைகீழாகப் பாய்ந்தவர்கள் உண்டு. கரையைப் பார்த்து உயரம் கணித்து அதை ஒட்டி இறங்கலாம் என்றால் எங்கள் கரை முழுக்க ஆலைக்காரர்களின் மரக்கட்டைகள் மிதந்தன. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். விமானச் சத்தம் கேட்டதும் கரையிலிருந்து ஒருவன் மோட்டார் படகை எடுத்து ஏரியின் குறுக்கே வேகமாக ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவான். அலை கிளம்பும். லாக்லனுக்குத் தண்ணீர் எது என்று தெரியும். அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு, ஒரு படகு கிளப்பும் அலை.

அந்த வாரம் பலகை முடிந்தது. காடு, ஆறு, எரிந்த மலை எல்லாம் பொருந்தி வந்துவிட்டன, ஒரு இடத்தைத் தவிர. நடுப்பகலில் எடுத்ததால் சூரியன் எங்கள் ஏரியிலேயே விழுந்து, படத்தில் ஏரி நடுவே ஒரு வெள்ளைத் திட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும்.

ஒவிலா எட்டிப் பார்த்தான். "வெறும் தண்ணிதான்க்கா அது. பக்கத்துத் தண்ணியில ஒரு துண்டு வெட்டி ஒட்டிடு. எந்த மீன் வந்து புகார் குடுக்கப் போவுது?"

"என் பலகையில பொய்ய ஒட்ட மாட்டேன்டா. அந்த எடத்துல எடுத்ததுதான் அந்த எடத்துல இருக்கணும். இல்லன்னா எடுக்கலன்னு எழுதி வச்சிடுவேன்."

"ஜன்னலத் தொறந்து பாரு மால்வினா" என்றான் லாக்லன். "நீ தேடற தண்ணி அங்கயேதான் கெடக்கு."

ஒவிலா இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினான். வானத்தில் இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது, எல்லாமே கைச்சாடைதான். அதில் கத்தரி என்றால் நான். கத்தரி கோபமாக இருக்கிறது, கத்தரி திட்டும், கத்தரிக்கு இன்னும் இரண்டு படம் வேண்டும். இருவரும் சிரித்தார்கள்.

விட்கோம் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். முகாமுக்கு மேலாளர், தினம் சவரம் செய்கிற ஒரே ஆள். "எடுக்கலன்னு எழுதறதா? வெள்ளிக்கிழம டொரான்டோலேருந்து வர்ற பெரிய மனுஷங்ககிட்ட நடுவுல ஓட்டையோடயா காட்டுவேன்? மறுபடி போய் எடுத்துட்டு வாங்க. காலைல எட்டு மணிக்கு, வெயில் சாஞ்சிருக்கும்போது."

"அந்த நேரத்துல ஏரி அசையவே அசையாது சார்" என்றான் லாக்லன்.

"படகு எதுக்கு இருக்கு?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் சொல்லுக்கு மதிப்புக் கிடைத்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அன்று நின்றேன்.

பெரிய மனிதர்கள் இருவரும் வியாழன் சாயங்காலமே வந்துவிட்டார்கள். வெள்ளி காலை ஏழரைக்கு, அசையாத தண்ணீர் அடிவயிற்றை விடாது என்பதால் படகு ஓடி அலை எழுப்ப, விமானம் கிளம்பியது. அது மேலே ஏறி மறைந்த கையோடு விட்கோம் தூண்டில்களை எடுத்துக்கொண்டு அந்த இருவரையும் அதே படகில் ஏற்றினார். ஓட்டுகிற பையனையும் கூட்டிக்கொண்டார், மீன் இருக்கும் இடம் அவனுக்குத்தான் தெரியும் என்று.

"சார், படகு?" என்றேன்.

"ஒரு மணி நேரத்துல வந்துடுவோம். அவங்க ஒன்பதரைக்கு முன்னாடி எறங்க மாட்டாங்க."

நான் தலையாட்டினேன். பெரிய மனிதர்கள் முன்னால் வாயாடக் கூடாதாம். மற்ற நேரம் ஊசி மாதிரி குத்துகிற இந்த வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

ஒன்பதே காலுக்குச் சத்தம் கேட்டது. ஏரியில் ஒரு சுருக்கம் இல்லை. எதிர்க்கரை மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. படகைக் காணோம். விமானம் முதல் சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் இயந்திரம் இருமியது. பெட்ரோலை அளந்துதான் ஊற்றுவார்கள், கனமாக இருந்தால் உயரம் ஏறாது.

நான் படகுத்துறை மேடையின் நுனிக்கு ஓடினேன். கையில் கிடைத்ததையெல்லாம் தண்ணீரில் எறிந்தேன். பசை வாளி, ஸ்டூல், விறகுக் கட்டை, கல். சமையல்காரர் வந்து அவரும் எறிந்தார். வட்டம் வட்டமாக விரிந்து, இருபதடி போய், அடங்கிப்போனது. அரை மைலுக்கு அப்பால் இறங்குகிறவனுக்கு அதில் என்ன தெரியும்? மேலேயிருந்து ஏதோ கறுப்பாக விழுவதைப் பார்த்தேன், ஒன்று, பிறகு இன்னொன்று. பிறகு அவர்கள் இறங்கினார்கள். நேராக, அழகாக, வேகத்தைக் குறைக்காமல் வந்து மூக்கைத் தண்ணீருக்குள் செருகினார்கள்.

விமானம் விழுந்த சத்தம் கேட்டதற்குப் பிறகும் விட்கோம் உடனே வரவில்லை. தூண்டில் சிக்கிக்கொண்டதாம், பிறகு கேட்டபோது சொன்னார். அதற்குள் நாங்கள் துடுப்புப் படகில் போய் லாக்லனை இழுத்திருந்தோம், இரண்டு காலும் நொறுங்கி, உயிரோடு. ஒவிலாவின் மேல் இயந்திரம் கிடந்தது. அவனைக் கரையில் கொண்டுவந்து போட்டோம். காலில் பூட்ஸ் இல்லை, காலுறை மட்டும். இடது காலுறையில் நான் தைத்த ஒட்டுத் தையல்.

விட்கோம் மேடையில் ஏறினார். கையில் ஒரு மீன், செவுளில் விரல் விட்டுப் பிடித்திருந்தார். "கடவுளே" என்றார். "என்ன ஆச்சு? எப்படி ஆச்சு?" என்றார். "ரொம்ப வருத்தமா இருக்கு மால்வினா" என்றார். இத்தனையும் சொல்லி முடிக்கிற வரை அந்த மீனைக் கீழே வைக்கவில்லை. அது வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அதை வறுத்தார்கள். விருந்தாளிகள் பசியோடு இருந்தார்களாம்.

பூட்ஸ் விஷயம் எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது, ரயிலடி ஊர் ஆஸ்பத்திரியில் லாக்லனைப் பார்க்கப் போனபோது.

"கடைசி சுத்துல கைல இருந்ததெல்லாம் வீசினான்" என்றான் லாக்லன், சுவரைப் பார்த்தபடி. "தண்ணியக் கலக்கணுமில்ல. தொப்பி, ஃப்ளாஸ்க், ஒரு பூட்ஸ், இன்னொரு பூட்ஸ். எல்லாம் சின்னதா ஒரு வட்டம் போடுது, நான் திரும்பி வர்றதுக்குள்ள அடங்கிடுது. தகட்டுப் பெட்டியக் காட்டினேன். முப்பது பவுண்டு இருக்கும், விழுந்தா நல்லா கலங்கும். அதப் போடுடான்னு கைய ஆட்டினேன்."

"போடலையா?"

அவன் போர்வைக்கு மேலே கையை எடுத்து, இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினான். பிறகு தலையை இல்லை என்று அசைத்தான், ஒவிலா அசைத்த மாதிரியே.

பெட்டியை ஏரியிலிருந்து எடுத்திருந்தார்கள். தகரப் பெட்டி, தண்ணீர் புகவில்லை. நான்தான் கழுவினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. ஏரி நடுவை எடுத்த தகடு பிசகில்லாமல் வந்திருந்தது. வெள்ளைத் திட்டு இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சாம்பல் நிறம். கோடு இல்லை, அலை இல்லை. பக்கத்துத் துண்டிலிருந்து ஒரு கீற்று வெட்டி அருகில் வைத்துப் பார்த்தேன். வருடக்கணக்காக இதே வேலை செய்த கண் என்னுடையது. எது எது என்று எனக்கே தெரியவில்லை.

அவனுடையதை அதன் இடத்தில் ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

விருந்தாளிகள் மறுபடி வருவதற்கு முந்தின நாள் விட்கோம் பலகையைப் பார்க்க வந்தார். பின்னால் கை கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நல்லா வந்திருக்கு, நல்லா வந்திருக்கு என்றார். பிறகு பையிலிருந்து ஒரு அச்சடித்த அட்டையை எடுத்தார். கம்பெனி பெயர், கீழே வடக்கு காட்டும் அம்பு, வருடம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது.

"பேர எங்கயாவது போடணும். காட்டு மேல போட்டா மரத்த மறைச்சிடும். ஆலைக்காரங்க எண்ணுவாங்க." விரலை ஏரி நடுவே வைத்தார். "இங்க போட்டுடு. இங்கதான் ஒண்ணும் இல்லையே."

அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சுத்தமாக வெட்டிய நகம். அதைப் பிடித்து ஒடித்திருக்க வேண்டும். கத்தரி மேசையில்தான் இருந்தது.  அந்த மனிதர் மேல் வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை, ஆனால் அதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை, ஏனென்றால் அடுத்து நடந்ததைச் செய்தது என் கை.

புதுப் பசை வாளியை இழுத்தேன். அட்டையின் பின்புறம் பசை தடவினேன். நான்கு மூலையும் நேராக இருக்கிறதா என்று அளந்து வைத்து, ஒரு குமிழிகூட நிற்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன்.