ஈறு நிறக் கைகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் தன் கேமரா டிரோனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பரீட்சையில் கோட்டை விட்டவன் மாதிரி நின்றான். டிரோனின் விசிறிகளைத் தாங்குகிற முன்பக்கத்துக் கைகள் இரண்டிலும் விரிசல். அண்ணி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். அவளுக்குப் பல் செட் செய்யும் வேலை. உடைந்த செட்டைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் அது தானாக உடைந்தது என்றுதான் சாதிப்பார்கள். அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

கொழுந்தனும் அதையேதான் சொன்னான். விழவில்லை, மோதவில்லை, பைக்குள் இருந்தபடியே உடைந்திருக்கிறதாம். மறுநாள் காலை ஆற்றுப் பாலத்தின் அடிப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று படம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அவனை நம்பி ஒரு இன்ஜினியர் முதன்முதலாகக் கொடுத்த வேலை. விரிசல் விட்ட டிரோனை வைத்துக்கொண்டு பாலத்தில் விரிசல் தேடப் போகிறான் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் இது சிரிக்கிற விஷயமில்லை. போன தடவை மரத்தில் சிக்கி உடைந்தபோதே அவள் கணவர் தம்பியிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை உடைஞ்சா அந்தப் பொம்மையை வித்துட்டு, ஒழுங்கா வந்து கடையில உட்காரு." இவனும் தலையாட்டித் தொலைத்திருந்தான். ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கடை அது. அங்கே உட்கார்ந்தால் பையன் துருப்பிடித்துப் போவான் என்பது அவள் அபிப்பிராயம்.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். இரண்டு கைகளிலும் ஒரே இடத்தில், கை மடங்குகிற கீலுக்குப் பக்கத்தில், விரிசல் முறுக்கிக்கொண்டு ஓடியிருந்தது. கீழே விழுகிற பொருள் இப்படி ஜோடி சேர்த்து உடையாது.

"இது விழுந்து வந்த விரிசல் இல்ல தம்பி. யாரோ மடக்கத் தெரியாம மடக்கியிருக்காங்க."

பின்கைகளை மடக்கிய பிறகுதான் முன்கைகளை மடக்க வேண்டும், மாற்றிச் செய்தால் ஒன்றோடொன்று இடிக்கும், கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் தப்பாக மடக்க மாட்டேன் என்று அவன் அடித்துச் சொன்னான்.

அண்ணி அறை மூலையைப் பார்த்தாள். கால் கோணிய மடக்கு நாற்காலி, கம்பி பிதுங்கிய குடை, கீல் பெயர்ந்த துணி ஸ்டாண்ட். மடங்காத எதையும் கோபத்தோடு அமுக்குகிற கை இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. ஆக, வாய்க்கு வாய் பொம்மை என்று ஏசுகிற மனுஷன், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பையைத் திறந்திருக்கிறார். தம்பி தலை உருளப் போவது தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் பாவமாகவும் இருந்தது. ஆசைப்பட்டுத்தானே தொட்டிருக்கிறார்.

அவள் வேலையில் இறங்கினாள். விரிசலின் நுனியில் ஊசிமுனை அளவுக்குத் துளை போட்டாள். போடாவிட்டால் ஒட்டிய பிறகும் அது ஊர்ந்துகொண்டே போகும். பிளவைச் சுரண்டி அகலமாக்கி, மெல்லிய வலைத் துண்டைப் பதித்தாள். இரண்டு கைக்கும் ஒரே எடை வரும்படி பல் செட் செய்கிற பொடியை நிறுத்து, திரவத்தில் குழைத்து நிரப்பினாள். காய்ந்து, தேய்த்து, பளபளப்பாக்கிய பிறகுதான் உறைத்தது. பழக்க தோஷத்தில் எடுத்தது ஈறு நிறப் பொடி. சாம்பல் நிற டிரோன் ரோஸ் ஈறைக் காட்டி இளித்தது.

"மானம் போச்சு அண்ணி."

"பறந்தா போதும். அதுக்குப் பொண்ணா பார்க்கப் போறோம்?"

சாயங்காலம் கடையிலிருந்து வந்த கணவர் மேசையைப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். விற்றுவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவப் போனவர் வெகுநேரம் கழுவினார்.

"நாளைக்குக் காலையில நீங்களும் பாலத்துக்கு வர்றீங்க" என்றாள் அவள்.

கடையை யார் திறப்பது என்று முனகினார். ஆணியெல்லாம் எழுந்து ஓடிவிடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஆற்றங்கரையில் டிரோன் எழும்பியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணிக்கு உயிரே போய்விட்டது. காற்றுதான். டிரோன் நிமிர்ந்து, நிதானித்து, பாலத்தின் அடியில் நுழைந்தது. ரோஸ் கைகள் அசையவே இல்லை. தள்ளி நின்ற கணவர், திரையை எட்டிப் பார்க்க ஆரம்பித்து, கடைசியில் தம்பியின் தோளில் மோவாயை வைக்காத குறையாக நின்றார். அந்தத் தூணைக் கிட்டத்தில் காட்டு என்று கேட்கவும் செய்தார். படத்தைப் பார்த்த இன்ஜினியர், அடுத்த பாலத்துக்கும் நீங்களே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரோன் இறங்கியது. கொழுந்தன் குனிவதற்குள் அண்ணன் அதை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார்.

"தம்பி, இதுல எதைடா முதல்ல மடக்கணும்?"

கொழுந்தன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்கை முதல்ல, அண்ணா" என்றான். "அமுக்க வேண்டாம். அதுவா வரும்."

அண்ணன் மடக்கினார். அதுவாகவே வந்தது.