ரத்தம் வராத பிள்ளை

ஒரு காயத்தைக் காயமென்று நம்ப கோபிநாத்துக்கு ரத்தம் தெரிய வேண்டும். காரைக்குடியில் மிக்ஸி, கிரைண்டர் விற்கிற மனிதர். ஆனாலும் சொந்தக்காரர் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் முதல் வைத்தியம் அவருடையதுதான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாசலில் நின்ற ஸ்கூட்டரில் ஏறி அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்து வயது வேல்பாண்டி டிரைவர். எட்டு வயது அக்கா சௌபர்ணிகா பின்சீட்டில். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் ஸ்டாண்டு சரிந்து வண்டி சாய்ந்தது.

பையனுக்கு முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. அக்காவுக்குப் பின்மண்டை படிக்கட்டில் மோதியது. அவள் அழவில்லை. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கோபிநாத் மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மனைவி சத்தியப்பிரியாவிடம் மஞ்சள்பொடி வை என்றார். வைத்ததும் வேண்டாம், துடை என்றார். முழங்கையில் ஆரம்பித்த கட்டு மணிக்கட்டில் வந்து நின்றது. துணி தீர்ந்துபோனதால் நின்றது. பையன் அழுகையை விட்டுவிட்டு ஐஸ்கிரீம் கேட்டான்.

"வலியில பினாத்துறான், பாரு," என்றார்.

"ஏங்க, பாப்பாவுக்குத் தலையில அடிபட்டுச்சு. அவளையும் கொஞ்சம் பாருங்க," என்றாள் சத்தியப்பிரியா.

"அவளுக்கென்ன? ரத்தமா வருது? பொம்பளப் பிள்ளைக தாங்கும்."

மகன் கையைக் காட்ட டாக்டரிடம் காரில் கிளம்பினார்கள். வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் சௌபர்ணிகாவும் வந்தாள். பாதி வழியில் வாந்தி எடுத்தாள். மத்தியானம் தின்ற பணியாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கோபிநாத் கண்டுபிடித்தார். சீட்டு உறையில் பட்டதா என்றும் கேட்டார். கிளினிக் வாசலில் மறுபடி எடுத்தாள்.

டாக்டர் சந்திரலேகா அந்தப் பெருங்கட்டைப் பிரித்து முடிக்கவே நேரமானது.

"சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?"

"இல்ல மேடம். உடனே கட்டிட்டேன்."

"கழுவிட்டு ஒரு பிளாஸ்திரி ஒட்டுங்க. போதும்."

கோபிநாத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "எலும்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்துருவோமே?" என்றார். அந்தக் கையாலேயே பையன் மேஜை விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

டாக்டர் அவரைத் தாண்டி பெஞ்சைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை ஏன் தூங்குது?"

சத்தியப்பிரியா முந்திக்கொண்டாள். "அவளும் சேந்துதான் விழுந்தா டாக்டர். பின்னந்தலையில அடி. ரெண்டு வாட்டி வாந்தி. எங்க போறோம், எங்க போறோம்னு கேட்டதையே கேக்குறா."

டாக்டர் எழுந்து போய்ச் சிறுமியை எழுப்பி, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நடக்கச் சொன்னார். அவள் தள்ளாடி அம்மா மேல் சாய்ந்தாள்.

"ஸ்கேன் இவளுக்குத்தான் எடுக்கணும். இப்பவே சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ரத்தமே வரலையே மேடம்?"

"வெளிய வரலை. உள்ள வந்திருக்கான்னுதான் பாக்கணும்."

சிவகங்கை போய்ச் சேரும்வரை கோபிநாத் வாயில் ஒரு வைத்தியமும் வரவில்லை. தூங்கும் மகளைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டியவர், ஒரு லாரியில் மோதப் போய்த் தப்பினார். ஸ்கேனில் கசிவு இல்லை. மூளை அதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள். மறுபடி வாந்தி வந்தாலோ, தலைவலி கூடினாலோ, எழுப்பியும் எழுந்திரிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளையை நிம்மதியாகத் தூங்க விடுங்கள் என்றார்கள். கோபிநாத் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் செல்போன் டார்ச்சை அவள் கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தார். "இது எத்தனை விரல் பாப்பா?"

"மூணு. அப்பவும் மூணுதான். தூங்க விடுங்கப்பா."

சத்தியப்பிரியா போனைப் பிடுங்கினாள். "பாருங்கன்னு சொன்னப்பப் பாக்கலை. இப்பப் பாக்காதீகன்னு சொல்றேன், அதையாவது கேளுங்க."

கோபிநாத் வெளியே போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரம் வந்து, மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"நல்லாத்தான மூச்சு விடுறா?"

"விடுறா. நீங்க போங்க," என்றாள் அவள்.