காய்ச்சல் விட்ட நாள்

பிரஷாந்தினி பரீட்சையில் பாஸ் என்று சொன்னதும் அவள் அப்பா மூக்கையா ஒரு பெரிய சட்டி நிறையக் கேசரி கிண்டி, வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கொடுத்துவிட்டார். ரப்பர் பால் வெட்டுகிற மனிதர், மகள் டாக்டருக்குப் படிக்கிறாள், சும்மா இருப்பாரா? தெஹியோவிட்டப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் கேசரி தின்னாத வீடே இல்லை. அவள் பெயில் என்பது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

வாய்மொழிப் பரீட்சையில்தான் கவிழ்ந்தாள். இரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் உயிர்க்கலங்களை எது சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். கெடெரின் என்ற புரதம். புதுக் குழாய் கிளைக்க வேண்டுமானால் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்து கலங்களுக்கு வழி விடும், பிறகு மறுபடி இறுகும். வேண்டாத நேரத்தில் தளர்ந்தாலோ இரத்தத்தின் நீர் வெளியே கசிந்துவிடும். எல்லாம் தெரியும். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பொய் சொல்லும்போது மட்டும் நன்றாகவே புரண்டது.

அது 2009. கேகாலை மாவட்டம் முழுக்க டெங்கு. பக்கத்துக் காம்பராவில், சுவர் ஒட்டிய அறையில், குடியிருந்த புஷ்பத்தின் மகள் லக்ஷிகாவும் நாலு நாளாய்க் காய்ச்சலில் கிடந்தாள். அன்று மத்தியானம் புஷ்பம் சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கி வந்தாள்.

“டாக்டரம்மா, காச்சல் விட்டுருச்சு. நாளைக்கு வேப்பெல போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்தலாமுங்களா?”

பிரஷாந்தினி பிள்ளையின் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. வயிறு வலிக்கிறது என்று பிள்ளை முனகினாள். காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லையாம். பாடத்தில் படித்த கசிவு கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரந்தான் ஆபத்தான நேரம்.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னால் புஷ்பம் பிரஷாந்தினியையும் கூட்டிக்கொண்டுதான் போவாள். அங்கே அவளுடைய மெடிக்கல் கெம்பஸில் படித்த டாக்டர் யாராவது இருப்பார். பெயிலானவள் நீதானே என்று புஷ்பத்தின் முன்னால் கேட்டுவிட்டால்?

“காச்சல்தான் விட்டுருச்சேக்கா. காலைல பாப்போம்” என்றாள்.

புஷ்பம் நிம்மதியாகப் போனாள். பிரஷாந்தினி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். தன்னையே நாலு அறை அறைய வேண்டும்போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள். பிள்ளை வாந்தி எடுத்து, கண் செருகிக் கிடந்தாள்.

“அக்கா, தூக்குங்க! ஆஸ்பத்திரிக்குப் போறோம்!”

த்ரீவீலர் அவிசாவளை ரோட்டில் பறந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நாடியே கைக்கு அகப்படவில்லை. இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள். பொழுது சாயும் வேளையில்தான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். வார்டு டாக்டரோ, பிரஷாந்தினி முன்பின் பார்த்திராத ஒரு பெண். யாருக்குப் பயந்து பிள்ளையைத் திருப்பி அனுப்பினோம் என்று அவளுக்கு உடம்பே கூசியது.

டாக்டர் சிங்களத்தில் புஷ்பத்தைப் பிடிபிடியென்று பிடித்தாள். காய்ச்சல் விட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு யார் சொன்னது? இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை, தெரியுமா?

புஷ்பம் பிரஷாந்தினி பக்கம் திரும்பக்கூட இல்லை. “மம தமய், மிஸ்” என்றாள். நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேன் என்று, செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்து நின்றாள்.

பிரஷாந்தினியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “அவங்க இல்லை, நான்தான் சொன்னேன்” என்று சிங்களத்தில் சொன்னாள். நீ யார் என்று டாக்டர் கேட்டாள். மருத்துவ மாணவி, இந்த வருஷம் பெயில் என்றாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

புஷ்பத்துக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். அவள் பிரஷாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெயிலானா என்ன புள்ள, அடுத்த தடவ எழுதலாம். அப்பாகிட்ட நான் மூச்சு விடமாட்டேன். ஆனா தெரியலைன்னா தெரியலைனு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? நான் கோவிச்சுக்கவா போறேன்?”

ஆமாம், தெரியவில்லை என்று பிரஷாந்தினி தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

“தெரியும்க்கா” என்றாள் பிரஷாந்தினி. “கையத் தொட்டப்பவே எனக்குத் தெரியும்.”

புஷ்பம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, மகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.