நீலக் கயிறும் ஆறு நிறுத்தங்களும்

அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு போட்டோ எடுக்கிறார். கண்டெய்னர் லாரி வந்தால் அவரும் வரலாற்றில் சேர்ந்துவிடுவார். வரலாற்றில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அம்மு இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கயிற்றின் முன்முனையைப் பிடித்து இரண்டு முறை சுண்டினாள். சிவப்புச் சட்டைக்காரர் கேமராவைத் தொங்கவிட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். எல்லாரும் ஒரே வரிசையில் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடந்து கடற்கரைப் பாறைகளை அடைந்தார்கள்.

ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்கிப் பாறைகளில் முடியும் இந்தச் சுற்றுக்கு அடிமை ஒழிப்பு வரலாற்று நடை என்று பெயர். ஞாயிறுதோறும் காலையில். ஆறு நிறுத்தங்கள். ஒரு பழைய கிடங்கின் சுவரருகே நின்று, இந்தக் கரையிலிருந்து ஒரு காலத்தில் மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள் என்பாள் அம்மு. அடுத்த சந்தில், அடிமை முறையை ஒழித்த 1843ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தாண்டினால், சட்டம் வந்த பிறகும் அதே கடல் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனவர்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பஞ்சர் கடை. கடைக்கார ஞானம், அம்மு பேசும்போது மட்டும் சுத்தியலைக் கீழே வைப்பார். கடைசி நிறுத்தம் கடல். 1976, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். நன்றி. கைதட்டல்.

கயிறு வரலாற்றைச் சேர்ந்ததல்ல. ஆரம்பத்தில் ஒரு பேராசிரியை பேசிக்கொண்டே லாரிக்கு முன்னால் போய்விட்டார். மறுவாரமே அம்மு காசிமேட்டிலிருந்து படகுக்காரர்களின் நீல நைலான் கயிறு ஒன்றை வாங்கிவந்தாள். பிடியுங்கள், விடாதீர்கள் என்றாள். அவ்வளவுதான். ஆனால் கயிற்றைப் பிடித்ததும் வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தலை குனிந்தார்கள். ஒரு பெண் அழுதாள். பிணைக்கப்பட்டு நடந்தவர்களின் வலியை உள்ளங்கையில் உணர்த்தும் கயிறு என்று ஓர் ஆங்கில நாளிதழ் எழுதியது. அதன் பிறகு ரயில் நிலையத்திலேயே கயிறு எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கைதட்டல் முடிந்து, மறுபடி கயிற்றைப் பிடித்துச் சாலையைக் கடந்து, அப்துல் வஹாபின் டீக்கடைக்கு வந்தார்கள்.

“இன்னா அம்மு, இன்னிக்கு எத்தினி பேர கட்டி இஸ்துகினு வந்த?”

“பன்னெண்டு பாய். சக்கர கம்மியா போடு.”

“காலங்காத்தாலயே அழுதுட்டு வராங்கோ. தூக்கலாவே கெடக்கட்டும்.” கயிற்றை முகர்ந்து பார்த்தார். “மீன் கவுச்சி தாங்காமதான் அழுவுறாங்கோன்னு சொன்னா நீ எங்க கேக்குற?”

கார்குழலி அம்முவைப் பெஞ்சின் ஓரத்துக்கு அழைத்தாள். நடையை நடத்தும் சிறிய அமைப்பு அவளுடையது. அம்முவை விட வயதில் இளையவள். யாரும் வேலை தராத நாளில் வேலை தந்தவள். எங்கிருந்து வந்தாய் என்பதை இங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று முதல் நாளே சொன்னவளும் அவள்தான்.

“அடுத்த ஞாயிறு டெல்லிலேர்ந்து நமக்கு நிதி குடுக்கறவங்க நாலு பேர் வராங்க அம்மு. அவங்களுக்குப் பிடிச்சாதான் நடை தொடரும். இல்லன்னா இந்த மாசத்தோட சரி.”

“புடிக்கும் மேடம்.”

“பிடிக்கும். ஆனா கடைசி ஸ்டாப்ல ஒரு வருஷத்தைச் சொல்லிட்டு நன்றின்னு முடிச்சிடற. அங்க உன் கதையைச் சொல்லேன். ரெண்டு நிமிஷம் போதும். சொல்றப்ப கயித்தை மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்திக்கோ. சும்மா, லூசா.”

அம்மு டீயை ஊதினாள். “லூசான்னா எவ்ளோ லூசு மேடம்?”

கார்குழலி உண்மையாகவே யோசித்தாள். “வளையல் அளவுக்கு.”

“பாக்கலாம் மேடம்.”

கார்குழலி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அவள் நல்லவள். நல்லவர்களுக்கு அது அப்படித்தான் கேட்கும்.

செங்குன்றத்துக்கு அப்பால் இருந்த அரிசி ஆலையிலும் அம்மு நடந்திருக்கிறாள். கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்குப் போனவளுக்கு, வீடு ஆலைக்குள் இருந்தது. மாமனார் எப்போதோ வாங்கிய முன்பணத்துக்கு அவளும் சேர்த்தி. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காலாலேயே கிண்டிக்கொண்டு போக வேண்டும். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, பிறகு திரும்பி. எங்கே நிற்கலாம் என்பதைக் களத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சொல்வார். பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்து மீட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள், சொன்னாள். கோர்ட்டில் சொன்னாள். ஒரு கூட்டத்தில் மாலை போட்டு மேடையேற்றினார்கள், அங்கும் சொன்னாள். பிறகு ஒரு கேமராவுக்கு. சொல்லச் சொல்லக் கதை வழவழப்பாகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் கண்ணைத் துடைப்பார் என்பது அவளுக்குத் தெரிந்துபோனது. தெரிந்த அன்று அவளுக்கே தன்மேல் கூச்சம் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது ஒன்றுதான். முன்முனையைப் பிடித்து நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. அவள் கை காட்டும் பக்கம் பார்க்கிறார்கள். தண்டையார்பேட்டையில் அவள் குடியிருக்கும் வரிசையில் அவளுக்கு டூர்காரம்மா என்று பெயர். அதற்கு முந்தைய பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

நடை நின்றால் இது போகும். கதையைச் சொன்னாலும் போகும். வாரம் முழுக்க இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது வழி எதுவும் தென்படவில்லை.

டெல்லிக்காரர்கள் சரியான நேரத்துக்கு வந்தார்கள். வெயிலுக்குத் தொப்பி, தண்ணீர் பாட்டில், நல்ல செருப்பு. அம்மு தமிழில் சொல்ல, கார்குழலி ஆங்கிலத்தில் சொன்னாள். அம்முவின் ஒரு வாக்கியம் அந்தப் பக்கம் போகும்போது நான்காகியது. நடுவில் என்ன சேர்கிறது என்று அம்முவுக்குத் தெரியவில்லை. ஞானம் சுத்தியலை வழக்கத்தை விட நீண்ட நேரம் கீழே வைத்திருக்க வேண்டியதாயிற்று.

சாலையைக் கடந்தார்கள். பாறைகளுக்கு அப்பால் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கார்குழலி ஏதோ சொன்னாள், அதில் அம்மு என்ற பெயர் இரண்டு முறை வந்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் கேமராவைத் தூக்கினார்.

இந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். இன்னும் எதுவும் கேட்காமலே கலங்கத் தயாராக இருக்கும்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது,” என்றாள் அம்மு. “சட்டம் வந்த பிறகும் பல இடங்களில் அது இருந்தது. நன்றி.”

கார்குழலி மொழிபெயர்க்கவில்லை. காத்திருந்தாள். பிறகு அருகில் வந்து தாழ்ந்த குரலில், “அம்மு, கயிறு,” என்றாள்.

“இல்ல மேடம்.”

“ரெண்டே நிமிஷம். அவங்க அதுக்காகத்தான் வந்திருக்காங்க.”

“தெரியும் மேடம்.”

அம்மு கீழே கிடந்த கயிற்றை எடுத்து, மணல் போக உதறினாள். பின்முனையைக் கார்குழலியின் கையில் வைத்தாள்.

“கிராஸ் பண்ணணும். நீங்க கடேசீல புடிச்சிக்கோங்க.”

முன்முனையை எடுத்துக்கொண்டு சாலையோரம் போய் நின்று, லாரிகளுக்கு நடுவே இடைவெளி வருகிறதா என்று பார்த்தாள்.