விரல்களின் நிறம்

எலும்பு டாக்டருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிடிபடாது. பிறவிக் கோளாறு. அதை அவர் தமுக்கடித்துச் சொல்வதில்லை என்றாலும் ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாதத்துக்கு ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கும் நேரத்தில், கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ்தான் விரல்களின் நிறத்தைச் சொல்வாள். அதை நம்பி அவர் அடுத்த கருவியைக் கேட்பார். அவள் வாக்கு இதுவரை பிசகியதில்லை.

அன்று மேஜைமேல் கிடந்தது அவள் தங்கை புருஷனின் கால்.

அவள் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். தங்கை முன்பொரு முறை வாயும் வயிறுமாக இருந்தபோது அவள் அடிவயிற்றில் இறங்கிக் கருவைக் கலைத்த கால் அது. கல்லானாலும் கணவன் என்று சொல்லிவைத்த புண்ணியவான், கல் எழுந்து உதைத்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் போய்விட்டான். முந்தின நாள் ராத்திரி தங்கை குழந்தையோடு அறைக்குள் புகுந்து, கதவுக்கு இரும்பு பீரோவை முட்டுக்கொடுத்திருக்கிறாள். அவன் கதவை உடைத்தான், பீரோவையும் உதைத்தான். அது ஓர் ஆட்டம் ஆடி அவன் பக்கமே சாய்ந்து பாதத்தை நசுக்கிவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

பாத ஆபரேஷன் என்றால் ஏதோ பூத்தையல் என்று நினைக்க வேண்டாம். அசல் கொல்லன் பட்டறை. ரத்தம் வராமலிருக்கத் தொடையில் காற்றுப்பட்டையை இறுக்கியிருந்தார்கள். தோலைக் கிழிக்கக் கத்தி கொடுத்தாள். எலும்பில் ஒட்டிய சவ்வை உரிக்க மொட்டைமுனைத் தகடு. பொடிந்த சில்லுகளைக் கொத்தி எடுக்கக் குறடு. கோணிப்போன எலும்பை வெட்டி நேராக்க உளியும் சுத்தியலும். ஒவ்வோர் அடிக்கும் மேஜை அதிர்ந்தது. மறைப்பானேன், அவளுக்கு அது குளுகுளுவென்று இருந்தது. கடைசியில் விரல் விரலாகத் துளைபோட்டு, எலும்புகள் நகராமல் கம்பி கோத்தார் டாக்டர்.

அவனுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. துணித்திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டாக்டர், கால் தேறிடும்ல?"

"தேறணும்னுதான்யா இந்தத் தட்டு தட்டுறேன்."

"தேறட்டும். இதே காலால அவ கழுத்த மிதிக்கலேன்னா நான் ஆம்பளையில்ல."

"வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கப்பா" என்று சொல்லி, அவன் தலைமாட்டில் இருந்த மயக்க டாக்டர் மருந்தை ஏற்றித் தூங்கவைத்தார்.

நர்ஸ் ரத்தம் பட்ட கருவிகளைத் துடைத்து அடுக்கினாள். அடுக்கி முடித்தபோது மனசு ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

பட்டையைத் தளர்த்தினார்கள். எலும்பு டாக்டர் பாதத்தின்மேல் நாடி தேடினார். அந்த வீக்கத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

"நிறம் சொல்லுங்க சிஸ்டர்."

பெருவிரலில் இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற விரல்களிலும் பரவியது. பிழைத்துக்கொண்ட பாதம். திரைக்கு இந்தப் பக்கம் அதைப் பார்க்க அவளையும் டாக்டரையும் விட்டால் ஆளில்லை.

"கருநீலம், சார்."

"வெதுவெதுப்பா துணி போடுங்க. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

பொறுத்தார்கள். அவர் விரல்நுனியில் ஊசியால் குத்தினார். பளீரென்று ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"இப்ப?"

"கறுப்பாத்தான் வருது. செத்துப்போச்சு சார்."

பெருமூச்சு விட்டு அவர் கையை நீட்டினார். கேட்கும் முன்பே ரம்பத்தை அந்தக் கையில் வைத்தாள். ரம்பம் அலறியது. எலும்புத் தூள் தெறிக்கத் தெறிக்க அவள் தண்ணீர் பீய்ச்சினாள். ஐந்து விரலோடும் பாதி பாதம் தட்டில் விழுந்தது. மிச்ச எலும்பின் முனை தோலைக் குத்தாமலிருக்க அரம் கொடுத்தாள், உள்ளங்கால் சதையை மடித்துத் தைக்க ஊசி கொடுத்தாள். செய்தது பாவம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டது மாதிரி இருந்தது.

வராந்தாவில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது, மடியில் குழந்தை தூங்கியது.

"முன்பாதத்த எடுத்தாச்சுடி. இனிமே உன்ன உதைக்க மாட்டான்" என்றாள் அக்கா. குரலில் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. "குழந்தையத் தூக்கிட்டு வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

தங்கை எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்குக் காலையில உன் வீட்டுக்குத்தான்க்கா வர்றதா இருந்தேன். துணியெல்லாம் கட்டி வச்சிட்டேன். அதப் பாத்துட்டுத்தான் அடிச்சான்."

"அப்புறமென்ன, வா."

"அடிச்சவன விட்டுட்டு வரலாம்க்கா. கால் போனவன எப்படி விட்டுட்டு வர்றது? அந்த பீரோவ இழுத்து வச்சதே நான்தானே."

காலை எடுத்தது பீரோ இல்லை, நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தங்கை கிளம்பிவிடுவாள். அக்கா வாயைத் திறந்தாள். வேலை போகும், ஜெயில் வரும். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

தியேட்டர் கதவு திறந்து தள்ளுவண்டி வந்தது. தங்கை குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய், அவன் கட்டுப்போட்ட காலின்மேல் போர்வையை இழுத்து மூடினாள்.