தூணில் உட்கார்ந்த வதாத்

1

இதை எழுதக் கூடாது என்று என் அண்ணன் கத்தாஸ் தடை போட்டிருக்கிறார். நடந்தது அவருக்கு, எழுதுவது நான். அவருக்கு வயது அறுபத்தொன்று. எங்கள் சூர் நகரத்தின்* கடலோர இடிபாடுகளுக்குக் காவலர். மனைவி இறந்து ஆறு வருடம். அன்றிலிருந்து நானும் அவர் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஸஹ்லே மலையூரில் ஒரு கல்யாணத்தில் வதாத்தைப் பார்த்தார். அவளும் துணையை இழந்தவள். எட்டு மாதம் தொலைபேசியில் பேசிவிட்டு, "கட்டிக்கலாமா?" என்று கேட்டார். "ஊரைப் பாக்காம பதில் சொல்லமாட்டேன்" என்றாள்.

(* விவிலியம் படித்தவர்களுக்குத் தீரு என்ற பழைய துறைமுகம்.)

2

தொடக்கம் ஒன்று: மூவாயிரம் ஆண்டுகளாகக் கடலைப் பார்த்து நிற்கும்...

(வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: வதாத் நாணத்தோடு பேருந்திலிருந்து...

(பொய். "என்ன வெயிலுடாப்பா இது!" என்றபடிதான் இறங்கினாள்.)

அண்ணன் சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டிருந்தார். நேராக இடிபாடுகளுக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் நடந்தேன்.

"அப்போ இது தீவு. அலெக்சாண்டர் கடல்ல கல்லும் மண்ணும் கொட்டிப் பாதை போட்டான். ஏழு மாசம் முற்றுகை."

"உள்ள விடமாட்டோம்னு சொன்ன ஊரு வாசல்ல ஏழு மாசமா? வேற பொழப்பே இல்லையா அவனுக்கு?"

அண்ணன் சிரிக்கவில்லை. வரலாற்றைக் கேலி செய்தால் அவருக்குப் பிடிக்காது.

3

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் வதாத்தை எதற்கெடுத்தாலும் குறை சொல்பவளாக எழுதியிருந்தேன். அவள் அப்படிப்பட்டவள் அல்ல. அவள் வந்தால் நான் எங்கே போவது என்ற பயம்தான் அப்படி எழுதவைத்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. நடந்து களைத்த வதாத் செருப்பைக் கழற்றிவிட்டு, சாய்ந்து கிடந்த ரோமானியத் தூண் ஒன்றில் உட்கார்ந்தாள். முப்பது வருடக் காவல் பழக்கம். அண்ணனின் கை தானாகவே விசிலை எடுத்து வாயில் வைத்துவிட்டது.

பீ...ப்!

சுற்றுலாக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வதாத் எழுந்து நின்றாள். முகம் சிவந்துவிட்டது.

"என்னையா ஊதுனீங்க?"

"தூண்ல... யாரும்... உக்காரக் கூடாது."

"பஸ் எத்தன மணிக்கு?"

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். (சந்தோஷப்பட்டேனா? கொஞ்சம். எழுதிவைக்கிறேன்.)

அண்ணன் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். "முனீரா, இதப் புடி" என்று சொல்லிவிட்டுப் போய் அதே தூணில் உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் முதல் முறை.

"வாங்க. இப்போ யாரு ஊதறான்னு பாப்போம்."

வதாத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கல்லெல்லாம் அதிரும்படி. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காவலரே உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு சுற்றுலாக் குடும்பமும் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னால் ஊத முடியவில்லை.

4

வீடு பார்க்க வந்தவள் என் அறைக்குள் நுழைந்தாள். ஜன்னலோரம் என் மேசை, அதில் அடித்துத் திருத்திய தாள்கள்.

"இங்கதான் எழுதுவியா?"

"ஆமா."

"யாரு வந்தாலும் இந்த மேசைய நகத்த விட்றாத."

அதற்குப் பிறகு அவள்மேல் எனக்கு ஒரு குறையும் எழுத வரவில்லை.

5

நான்கு மணிப் பேருந்து. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. படியில் நின்றபடி குனிந்து அண்ணனின் காதில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அண்ணனுக்குக் காது மட்டும் சிவந்தது. மறுநாள் காலையில் வெள்ளையடிக்க ஆள் கூட்டிவந்தார்.

என்ன சொன்னாள்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"சம்மதம்." (வதாத் ஒரே சொல்லில் நிறுத்துகிறவள் அல்ல.)

"இனிமே என்னப் பாத்து விசில் ஊதுனா..." (இருக்கலாம்.)

மூன்றாவதை அண்ணன் படித்துவிட்டு, "இது இல்ல" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

இப்போது வதாத்தே சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள்: "முனீரா! மீன்சோறு ஆறுது. பேனாவ வச்சிட்டு வர்றியா, உன் பங்கையும் உங்கண்ணனுக்கே போட்டுறவா?"

போட்டாலும் போட்டுவிடுவாள். பேருந்துப் படியில் அவள் சொன்ன அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் சாப்பிடப் போகிறேன்.